இறங்காத பன்னிரண்டு நாட்கள்

பிப்ரவரி 3

தும்பிக்கு,

இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாய். கடிதத்தைக் கிழித்துப் போடுகிறவர்கள்கூட முதல் நாலு வரியைப் படித்துவிட்டுத்தான் கிழிப்பார்கள். அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் ஆறு மட்டும்தான் பாக்கி.

பத்து வருஷத்துக்கு முன்னால், நாட்டின் ஆறுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஒரு வரைபடம் போடும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். மொத்தம் அறுபத்துநான்கு ஆறுகள். நன்றாக இருந்தால் பச்சை, சுமாருக்கு மஞ்சள், மோசத்துக்குச் சிவப்பு, போதிய தகவல் இல்லாவிட்டால் சாம்பல் நிறம். அன்றைக்கு நாற்பத்தைந்து ஆறுகள் சாம்பல். "என்னம்மா, நாட்டையே அடுப்புல போட்டு எடுத்த மாதிரி இருக்கு" என்றார் இயக்குநர். அதிலிருந்து ஒவ்வொரு சாம்பலாக அழித்துக்கொண்டு வருகிறேன். இன்று அறுபத்துமூன்றில் வண்ணம் ஏறிவிட்டது.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, முதல் செவ்வாய்க்கிழமை, ஒரு படிவம். பத்து வருஷத்துக்கு நாற்பது. அதில் குறைந்தது முப்பது நிரம்பியிருந்தால்தான் அந்த ஆறு கணக்கில் சேரும். நீ நிரப்பி அனுப்பியது இருபத்தெட்டு. மற்ற பன்னிரண்டும் வெறும் படிவங்கள். மார்ச் முப்பத்தொன்றாம் தேதி வரைபடம் வெளியாகிறது. இரண்டே இரண்டு எங்கேயாவது மேசை இழுப்பறையில் கிடக்கிறதா என்று பார்.

உன் அண்ணன் சௌக்கியம். உன்னை விசாரிக்கச் சொன்னார். நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணி


பிப்ரவரி 7

தலைமை அலுவலகத் தொகுப்பாளர் அவர்களுக்கு,

கல்லை உதைத்துச் சம்பளம் வாங்குகிறவள் எழுதுவது.

நீங்கள் வீடு மாறிய அன்று, வந்திருந்த இருபது பேர் முன்னால் என்னை அப்படித்தானே அறிமுகப்படுத்தினீர்கள்? "எங்க நாத்தனாருக்கு ஆத்துல கல்லை உதைக்கிறதுதான் வேலை, அதுக்குச் சம்பளம் வேற." கையிலிருந்த தட்டை வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். பசி அடுத்த நாளே போய்விட்டது. மற்றது போகவில்லை.

ஆனால் நீங்கள் சொன்னது உண்மை. பாலத்துப் படியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று, கீழ்ப்பக்கம் வலையைப் பிடித்துக்கொண்டு, மூன்று நிமிஷம் கற்களை உதைப்பேன். கல்லுக்கடியில் குடியிருக்கிற பூச்சியெல்லாம் வலையில் வந்து சேரும். வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணுவேன். மூன்று வால் பூச்சிக்குப் பத்து மதிப்பெண், ஏனென்றால் தண்ணீர் கெட்டால் முதலில் சாவது அது. எதையும் தாங்கும் சிவப்புப் புழுவுக்கு இரண்டு. அப்படி நான் எண்ணித் தந்த பூச்சிதான் உங்கள் படத்தில் வண்ணமாகிறது.

பன்னிரண்டு படிவம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று என்னைக் கேட்கிறீர்கள். நீங்கள் எழுதிய கையேட்டில் ஒன்பதாம் விதி: தண்ணீர் கால் வைக்கத் தகாததாக இருந்தால் இறங்கக் கூடாது, படிவத்தை வெறுமையாக அனுப்ப வேண்டும். இறங்கவில்லை, அனுப்பினேன். இறங்காத நாளில் எந்தப் பூச்சியை எண்ண? வேண்டுமானால் வீட்டுக் கொசுவை எண்ணி அனுப்புகிறேன், அதற்குப் பஞ்சமில்லை.

மனசு கேட்காமல், மூன்று வாரம் கழித்துத் தண்ணீர் தெளிந்ததும் நானாகப் போய் எண்ணி என் நோட்டில் எழுதி வைப்பதுண்டு. அது செவ்வாய்க்கிழமைக் கணக்கில் வராது. உங்களுக்கு ஆகாது.

பாலத்துக்குக் கீழே நகராட்சி ஏதோ மோட்டார் அறை கட்டுகிறது. இரைச்சலில் காது போகிறது. வேறு விசேஷமில்லை.

இப்படிக்கு,
கள உதவியாளர்


பிப்ரவரி 11

தும்பி,

இவ்வளவு கோபத்துக்கு நடுவில் நோட்டு என்று ஒரு வார்த்தையை விட்டிருக்கிறாய். அதைப் பிடித்துக்கொண்டேன்.

அதிலிருந்து இரண்டு நாளை எடுத்துப் படிவத்தில் எழுதி அனுப்பு. தேதிக் கட்டத்தில் அந்தந்தச் செவ்வாய்க்கிழமையையே போட்டுவிடு. ஆறு அதே ஆறு, எண்ணியது நீ, மூன்று வாரத்தில் என்ன குடி முழுகிவிடப் போகிறது? மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? இந்தப் படம் தவிர நான் எதையும் உருப்படியாகச் செய்ததில்லை. குழந்தை இல்லை என்று வருத்தப்படக்கூட நேரமில்லாமல் இதைப் போட்டேன். ஒரே ஒரு சாம்பல் புள்ளியோடு அது சுவரில் தொங்குவதை என்னால் பார்க்க முடியாது.

வீடு மாறிய அன்று நான் சொன்னது வேடிக்கைக்கு. அதற்கு அரைமணி முன்னால் சமையலறையில் நீ என்னிடம் சொன்னது வேடிக்கை இல்லை. "உங்க படத்தை ஃபிரேம் போட்டு மாட்டலாம் அண்ணி, குடிக்க முடியாது." இருபது பேர் கேட்கவில்லை என்பதால் அது உறைக்காது என்று நினைத்தாயா?

அண்ணி


பிப்ரவரி 15

அண்ணிக்கு,

இரண்டு படிவமும் இத்துடன் இருக்கின்றன. தேதி நீங்கள் சொன்னபடி.

உங்களுக்காக அனுப்பவில்லை. "ஒரு ஆறுதான் பாக்கி, அதுவும் நாத்தனாருடையது" என்று உங்கள் அலுவலகத்தில் நாலு பேர் சிரித்தால் அண்ணனுக்கும் கேட்கும். குழந்தை பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு வீம்பு பிடிக்க முடியவில்லை.

நோட்டில் ஏழெட்டு நாள் இருக்கிறது. தட்டு நிறையப் பூச்சி இருந்த இரண்டாகப் பார்த்து எடுத்தேன். விருந்தாளி வருகிறார்கள் என்றதும் அழுக்குத் துணியைக் கட்டிலுக்கடியில் தள்ளுகிறோமே, அந்த மாதிரி.

தும்பி


பிப்ரவரி 23

அன்புள்ள தும்பிக்கு,

உன் ஆறு பச்சை. மஞ்சள்தான் வரும் என்று நினைத்திருந்தேன். கணினியில் நிறம் மாறியபோது எங்கள் பிரிவே என் நாற்காலிக்குப் பின்னால் நின்றது. எட்டு வருஷமாக எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத இயக்குநர் வந்து எங்களோடு நின்று டீ குடித்தார். அறுபத்துநான்குக்கு அறுபத்துநான்கு. கழிப்பறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

உங்கள் ஊர்க் குடிநீர்ப் பொறியாளர் இன்று காலை போன் செய்தார். படம் வெளியாகும் முன்பே உன் ஆற்றின் நிறத்தை எழுத்தில் கேட்டார். பச்சை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

உன் அண்ணன் உனக்கு ஒரு சால்வை வாங்கியிருக்கிறார். நிறம் பச்சை. அவருக்கு வேறு யோசனை வராது.

அண்ணி


பிப்ரவரி 28

அண்ணிக்கு,

அந்த இரண்டு படிவத்தையும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். உடனே.

நேற்று பொறியாளர் வீட்டுக்கே வந்தார். "உங்களாலதான் மேடம்" என்று கையைப் பிடிக்காத குறை. இத்தனை வருஷம் எங்கள் ஊருக்குத் தூரத்து ஏரியிலிருந்து குழாயில் தண்ணீர் வருகிறது, ஒரு நாள் விட்டு ஒரு நாள். படத்தில் பச்சை உள்ள ஆற்றில்தான் புதிதாகக் குடிநீர் எடுக்கலாம் என்று அரசாணை இருக்கிறதாம். எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தை வைத்து அனுமதி வாங்கிவிட்டார். அனுமதி வரும் என்று நம்பி முன்பே பாலத்துக்குக் கீழே கட்டத் தொடங்கிய மோட்டார் அறை அதற்குத்தான். ஏப்ரல் பத்தாம் தேதி திறக்கிறார். முப்பதாயிரம் பேர் குடிக்கப் போகிறார்கள்.

அண்ணி, நான் பன்னிரண்டு நாள் இறங்காததற்குக் காரணம் உண்டு. ஆற்றின் மேல்பக்கம் இருக்கிற சாயப் பட்டறை கழிவுத் தொட்டியைத் திறந்துவிடுகிற நாட்கள் அவை. எப்போது திறப்பான் என்று தெரியாது. வடிகட்டினால் நுரை நிற்கும், சாயம் நிற்காது. கால் வைக்காதே என்று நீங்கள் விதி போட்ட தண்ணீரை வாய் வைத்துக் குடிக்கச் சொல்லப் போகிறோம்.

என் மகள், உங்கள் மருமகள், விளையாடிவிட்டு வந்தால் டம்ளர் தேடமாட்டாள். குழாயிலேயே வாயை வைப்பாள். நேற்று ராத்திரி முழுக்க அந்தக் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தும்பி


மார்ச் 4

தும்பி,

படம் அச்சகத்துக்குப் போய்விட்டது. நினைத்தால் அனுப்புவதற்கும் நினைத்தால் எடுப்பதற்கும் இது என்ன இஸ்திரிக்குப் போட்ட துணியா?

ஒன்று கேட்கிறேன், பதில் சொல். பூச்சி பொய் சொல்லாது என்று சொல்லிக்கொடுத்ததே நீதான். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தால் அந்த நிமிஷம்தான் தெரியும், பூச்சியைப் பார்த்தால் போன மாசமும் தெரியும் என்பாய். சாயத் தண்ணீர் அப்படி வந்துகொண்டிருந்தால் மூன்று வால் பூச்சி எப்போதோ செத்திருக்க வேண்டும். உன் இருபத்தெட்டுப் படிவத்திலும் அது கொத்துக் கொத்தாக இருக்கிறது. எதை நம்ப? பூச்சியையா, உன்னையா?

குடிக்க முடியாத படம் என்று அன்றைக்குச் சொன்னதை நிரூபிக்கத்தான் இத்தனையுமா? கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன்.

ஒன்பதாம் விதியை எழுதியது நான்தான். முதல் வருஷம் வடக்கே ஒரு பெண் சாக்கடை கலந்த தண்ணீரில் நின்று கால் வெந்துபோய் மூன்று மாதம் படுத்தாள். இனி யாருக்கும் அப்படி ஆகக் கூடாது என்று எழுதினேன். கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை.

அண்ணி


மார்ச் 8

அண்ணிக்கு,

பூச்சி பொய் சொல்லவில்லை. கேள்வி தப்பு.

பாலத்துக்குச் சற்று மேலே மலைப்பக்கத்திலிருந்து ஒரு சின்ன ஓடை வந்து சேர்கிறது. சுத்தமான தண்ணீர். அதில் தினமும் பூச்சி அடித்துக்கொண்டு வரும். சாயம் வந்து ஆற்றில் இருப்பதெல்லாம் செத்தாலும், மூன்று வாரத்தில் ஓடையிலிருந்து புதுசு வந்து அதே கல்லுக்கடியில் குடியேறிவிடும். முன்னால் இருந்தவன் என்ன ஆனான் என்று தெரியாமல் காலி வீட்டுக்கு வாடகைக்கு வருகிற குடும்பம் மாதிரி. நான் எண்ணுவது அந்தப் புதுக் குடித்தனக்காரர்களை. இறங்குவதற்குப் படி இருக்கிறது என்று அந்த இடத்தைக் குறித்தவர்கள் ஓடையைப் பார்க்கவில்லை. பார்த்த நானும் உரக்கச் சொல்லவில்லை. அது என் தப்பு.

ஆனால் சொல்லவே இல்லை என்று சொல்லாதீர்கள். படிவத்தின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. இறங்காத பன்னிரண்டு நாளும் அதில் எழுதினேன். என்னிடம் கார்பன் நகல் இருக்கிறது. "நுரை, முழங்கால் உயரம்." "தண்ணீர் ஊதா. வாடையில் கண் எரிகிறது." "கடைசிப் படியில் மீன்கள், எண்பதுக்கு மேல், எண்ணுவதை நிறுத்திவிட்டேன்." "தண்ணீர் குடிக்க இறங்கிய நாய் குடிக்காமல் ஏறிவிட்டது." நீங்கள் இதில் ஒன்றையாவது படித்தீர்களா?

காய்ச்சல் இல்லாத நாளாகப் பார்த்துத் தெர்மாமீட்டர் வைத்தால் எந்த நோயாளிக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கும். நாம் அதைத்தான் பத்து வருஷம் செய்திருக்கிறோம்.

படத்தை மாற்றாவிட்டால் நானே பொறியாளரிடம் போய்ச் சொல்வேன். தேதி மாற்றி எழுதிய படிவத்தில் என் கையெழுத்துத்தான் இருக்கிறது, வேலை போகும். போகட்டும். நீங்கள் சொல்லித்தான் போட்டேன் என்று யாரிடமும் சொல்லமாட்டேன். அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

நிரூபிக்க என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு வருஷமாக அந்த வாக்கியத்தை ஏன் சொன்னோம் என்று நினைக்காத வாரமில்லை, அண்ணி.

தும்பி


மார்ச் 27

தும்பி,

பத்தொன்பது நாளாக நான் எழுதாததற்கு என்னவெல்லாம் நினைத்திருப்பாய் என்று தெரியும். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில், படிக்கவில்லை. ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. இங்கே படிவம் வந்ததும் எண்களை மட்டும்தான் கணினியில் ஏற்றுவோம். குறிப்புக்கு அதில் இடமே வைக்கவில்லை. வைக்காதவளும் நான்தான். வெறுமையான படிவத்தைத் தள்ளிவிட்டு மீதியில் சராசரி போட்டோம்.

உன் கடிதம் வந்த அன்று தரைத்தளத்துப் பழைய காகித அறையின் சாவியை வாங்கிக்கொண்டு போனேன். உன் பன்னிரண்டையும் தேடி எடுத்தேன். நாய் இறங்கி ஏறியதைப் படித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கலாம். பக்கத்துக் கட்டு கண்ணில் பட்டது. ஒரு சந்தேகம், பிரித்தேன். அதற்குப் பிறகு ஒன்பது நாள் நான் மாடிக்கு வரவேயில்லை. அறுபத்துநான்கு ஆறுகளின் குறிப்பையும் படித்தேன்.

தும்பி, நீ ஒருத்தி இல்லை. தெற்கே ஒருவர், "இன்றும் இறங்கவில்லை. மூன்று வருஷமாக எழுதுகிறேன்" என்று எழுதியிருக்கிறார். கடலோரத்தில் ஒரு அம்மா, "படிப்பவருக்கு வணக்கம். இன்றும் நுரை." அடுத்த தடவை, "வணக்கம். நுரை." அதற்கடுத்த தடவை வணக்கம் இல்லை. எல்லோருக்கும் யாரோ படிக்கிறார்கள் என்று ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. வெளிச்சம் போதாத அந்த அறையில் முக்காலியில் உட்கார்ந்து, வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

உன்னுடையதோடு சேர்த்துப் பதினெட்டு ஆறுகள். எல்லாவற்றிலும் மோசமான நாளில்தான் வெறும் படிவம். பதினெட்டையும் சாம்பலுக்குத் திருப்பினேன். அறுபத்துநான்கு நாற்பத்தாறாகிவிட்டது.

இயக்குநரிடம் படத்தைக் காட்டினேன். "பத்து வருஷமா ஏறின படியை ஒன்பது நாள்ல இறங்கிட்டீங்களேம்மா" என்றார். "அந்தப் படியில சிலது இல்லவே இல்லை சார். இருக்குன்னு நெனச்சுக் கால வச்சுட்டோம்" என்றேன். "வெளிய என்ன சொல்றது? நாடு பின்னால போயிடுச்சுன்னா?" என்று கேட்டார். போன வருஷம் நமக்குத் தெரியாது என்பதே தெரியாது, இந்த வருஷம் பதினெட்டு இடத்தில் தெரியாது என்று தெரியும், அதைச் சொல்லலாம் என்றேன். சிரிக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டார். அச்சகத்தில் பழையதை நிறுத்தியாகிவிட்டது.

தேதியை மாற்றிப் போடச் சொன்னது நான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுப்பில் போட்டுவிட்டால் இல்லையென்று ஆகிவிடுமா? உனக்கு ஒரு மெமோ வரும், பயப்படாதே, வேலைக்கு ஒன்றுமில்லை. எனக்குப் படம் போய்விட்டது. ஏப்ரலிலிருந்து வேறொருவர் பார்ப்பார். நான் அந்தக் காகித அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன், குறிப்புகளையெல்லாம் கணினியில் ஏற்ற. உன் அண்ணன், "உனக்குப் பைத்தியமா?" என்று கேட்டார். பிறகு அவரே போய் அங்கே ஒரு நல்ல விளக்கு வாங்கி மாட்டிவிட்டு வந்தார்.

போவதற்கு முன் ஒன்பதாம் விதியைத் திருத்திவிட்டேன். இறங்கக் கூடாது என்பது அப்படியே இருக்கிறது. ஆனால் இறங்காத நாள் இனி வெறுமை இல்லை, ஆகக் குறைந்த மதிப்பெண். காரணம் எழுத அரைப் பக்கம் விட்டிருக்கிறேன். புதுப் படிவத்தில் முதல் பிரதி இத்துடன் இருக்கிறது.

பொறியாளருக்குப் பழைய கடிதத்தை ரத்து செய்து எழுதிவிட்டேன். கேட்பாரா என்று தெரியவில்லை. திறப்பு விழாவுக்குப் பந்தல்காரனுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டதாம்.

நீ சமையலறையில் சொன்னது சரி. அதனால்தான் அரைமணி கழித்து உன்னை நாலு பேர் முன்னால் அப்படிச் சொன்னேன். வேடிக்கைக்கு என்று எழுதியது பொய். மன்னித்துக்கொள்.

அண்ணி


ஏப்ரல் 7, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அண்ணிக்கு,

பாலத்துப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் படி கோணல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தும் பொறியாளர் இறங்கி வரவில்லை. சாம்பல் என்றால் தெரியாது என்றுதானே அர்த்தம், கெட்டது என்று இல்லையே என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை திறப்பு நிற்காது என்று ஊரெல்லாம் பேச்சு. நேற்று அவர் அலுவலகத்துக்குப் போய், நாளைக்கு என் செவ்வாய்க்கிழமை, ஒரு தடவை வந்து நின்று பாருங்கள் என்றேன். தண்ணீர் தெளிவாக இருந்தால் நான் தலைகுனிந்து போய்விடுகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். அந்தப் பட்டறைக்காரன் என்னைக் கேட்டா தொட்டியைத் திறக்கிறான்?

காலை பத்து மணிக்கு வந்தார். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. நான் பூட்ஸ் மாட்டிக்கொண்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வலையை எடுத்து முதல் படியில் கால் வைத்தபோது வாடை வந்தது. கொஞ்ச நேரத்தில் வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஊதா வந்தது, அவசரமே இல்லாமல். மோட்டார் அறையின் வலைக்கம்பியைத் தொட்டு, உள்ளே போய், அவர் புதிதாகப் பூசிய சிமெண்ட் சுவரில் ஒரு கோடு போட்டது.

அவர் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இதையாம்மா வெள்ளிக்கிழமை திறந்துவிட இருந்தேன்?" என்றார். அவருக்கும் இரண்டு குழந்தைகள். அங்கிருந்தே போன் செய்து பந்தலைப் பிரிக்கச் சொன்னார். பிறகு, பட்டறையின் விலாசம் கேட்டு எழுதிக்கொண்டார். அதற்கு மேல் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு இந்த ஊர் ஏரித் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

நான் இறங்கவில்லை. உங்கள் புதுப் படிவத்தின் அரைப் பக்கத்தையும் நிரப்பிவிட்டேன். பொறியாளரும் அடியில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். நேராகக் காகித அறைக்கு அனுப்புகிறேன், நல்ல விளக்கில் வைத்துப் படியுங்கள்.

ஜூலை ஏழாம் தேதி அடுத்த செவ்வாய்க்கிழமை. அண்ணனோடு வாருங்கள், பூட்ஸ் இங்கேயே இருக்கிறது. ஆறு விட்டால் உதைக்கச் சொல்லித் தருகிறேன். விடாவிட்டால் படியில் உட்கார்ந்து சாப்பிடலாம். இந்தத் தடவை தட்டைக் கீழே வைக்கமாட்டேன்.

பத்து வருஷத்தில் இன்றுதான், அண்ணி, ஒரு கல்லைக்கூட உதைக்காமல் சம்பளத்துக்கு வேலை செய்திருக்கிறேன்.

தும்பி